காற்றே இல்லாத இடத்தில் தீ

கோவில்பட்டிப் பிள்ளைகளுக்குத் தீக்குச்சியைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? தெருவுக்குத் தெரு தீப்பெட்டி ஆபீஸ் இருந்த ஊர் உங்கள் ஊர். குச்சியை மெழுகில் தோய்ப்பது, மருந்தில் முக்குவது, காயவைப்பது, பெட்டியில் அடைப்பது, பண்டல் கட்டி லாரியில் ஏற்றுவது என்று எல்லா வேலையும் உங்கள் அம்மாவுக்கோ அத்தைக்கோ அத்துப்படியாக இருக்கும். பாட்டிமார் காலத்தில் உங்கள் வயதுப் பிள்ளைகளே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இந்த வேலைக்குப் போனார்கள். நீங்கள் இன்று புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்று பாட்டியிடமே கேளுங்கள்.

இப்போது ஒரு கேள்வி. குச்சியின் தலையில் இருக்கும் மருந்துக்கு என்ன வேலை?

“எரிவதற்கு” என்பீர்கள். அது பாதி பதில். தீ உண்டாக மூன்று வேண்டும். எரிகிற பொருள் வேண்டும், ஆக்சிஜன் வேண்டும், தொடங்கிவைக்கக் கொஞ்சம் சூடும் வேண்டும். அடுப்பு விறகு தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். தீக்குச்சியின் தலை அப்படிக் காத்திருப்பதில்லை. அந்த மருந்தில் பொட்டாசியம் குளோரேட் என்ற உப்பு இருக்கிறது. ஒவ்வொரு குளோரேட்டிலும் மூன்று ஆக்சிஜன் அணுக்கள் அடைபட்டிருக்கும். சூடு பட்டதும் அவை விடுபடும். பக்கத்திலேயே கந்தகம் இருக்கிறது. பெட்டியின் ஓரத்தில் தடவிய சிவப்பு பாஸ்பரஸில் குச்சியை உரசினால், அந்த உரசலின் சூடே போதும், சுர்ரென்று பற்றிக்கொள்ளும். முதலில் அத்தனை வெளிச்சமாகச் சீறிவிட்டு அப்புறம் அடங்கி எரிகிறதே, கவனித்திருக்கிறீர்களா? முதல் சீற்றம் மருந்துக்குள் இருந்த ஆக்சிஜனால் வந்தது. பிறகு மரம் எரிவது காற்றின் ஆக்சிஜனால். (இதையெல்லாம் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். மருந்து விளையாட்டுப் பொருள் இல்லை என்பது உங்கள் வட்டாரத்துக்கு நன்றாகவே தெரியும்.)

ஆக, தேவையான ஆக்சிஜனைக் கையோடு எடுத்துப் போனால் காற்று இல்லாத இடத்திலும் தீ மூட்டலாம். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் ராக்கெட் பாதி புரிந்த மாதிரிதான். 2013-ஆம் ஆண்டு நம் நாட்டிலிருந்து செவ்வாய்க் கோளுக்குக் கிளம்பிய மங்கள்யான் விண்கலத்தின் கதையை இங்கிருந்தே தொடங்கலாம்.

மங்கள்யானைத் தூக்கிச் சென்றது பி.எஸ்.எல்.வி. ராக்கெட். நான்கு அடுக்குகள் கொண்டது. அடியில் இருக்கும் முதல் அடுக்கில் ஏறத்தாழ 138 டன் திட எரிபொருள். அதற்குள் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டிருப்பது அம்மோனியம் பெர்குளோரேட் என்ற உப்பு. குளோரேட்டுக்கு நெருங்கிய சொந்தம். குளோரேட்டில் மூன்று ஆக்சிஜன் என்றால் பெர்குளோரேட்டில் நான்கு. இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், பின்னால் எதிர்பாராத ஓர் இடத்தில் வரப்போகிறது.

இரண்டாவது அடுக்கில் இருப்பது விகாஸ் எஞ்சின். இதைச் சோதித்துப் பார்க்கும் இடம் உங்களுக்கு ரொம்பத் தூரமில்லை. கோவில்பட்டி வழியாகப் போகும் நாற்கரச் சாலையிலேயே தெற்கே போய், திருநெல்வேலி, வள்ளியூர், பணகுடி எல்லாம் தாண்டினால் வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். அங்கேதான் மகேந்திரகிரி. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய இஸ்ரோ, தன் எஞ்சின்களை அங்கே பூமியோடு இறுகக் கட்டிவைத்து எரியவிட்டுப் பார்க்கிறது. காற்றே இல்லாத உயரத்தில் எஞ்சின் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்ப்பதற்கும் அங்கே தனி ஏற்பாடு உண்டு. மங்கள்யான் திட்டத்தின் இயக்குநராக இருந்த சுப்பையா அருணனும் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்தான்.

சரி, செவ்வாய்க்கு நினைத்த நாளில் கிளம்பிவிட முடியுமா? முடியாது. கரிசலில் மானாவாரி விதைப்புக்குப் புரட்டாசிப் பட்டம் தவறினால் அந்த வருஷம் தவறியதுதான் என்று உங்கள் தாத்தா சொல்வார். செவ்வாய்ப் பயணத்துக்கும் பட்டம் உண்டு. பூமி சூரியனைச் சுற்றிவர 365 நாள், செவ்வாய்க்கு 687 நாள். இரண்டும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கலம் போய்ச் சேரும் நாளில் செவ்வாயும் அதே இடத்துக்கு வந்திருக்க வேண்டும், குறைந்த எரிபொருளில் போகவும் வேண்டும் என்றால், அதற்குத் தோதான நேரம் சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வாய்க்கும். மத்திய அரசு இந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது 2012 ஆகஸ்டில். அடுத்த பட்டம் 2013 அக்டோபர், நவம்பர். இடையில் இருந்தது சுமார் 15 மாதம். அதற்குள் கலத்தையும் ஐந்து கருவிகளையும் செய்து முடித்தார்கள். செலவு 450 கோடி ரூபாய்.

2013 நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2 மணி 38 நிமிடத்துக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் எழும்பியது. கலத்தின் எடை 1,337 கிலோ. அதில் 852 கிலோ எரிபொருளும் அதை எரிக்கும் திரவமும்! ஐந்து அறிவியல் கருவிகளும் சேர்ந்தே சுமார் 15 கிலோதான். இவ்வளவு எரிபொருள் எதற்கு என்றால், பி.எஸ்.எல்.வி.யால் அந்தக் கலத்தை நேராகச் செவ்வாய் வழியில் எறிய முடியாது. பூமியைச் சுற்றும் ஒரு நீள்வட்டத்தில் விட்டுவிட்டு அதன் வேலை முடிந்துவிடும். கிட்டே வரும்போது 250 கி.மீ., எட்டப் போகும்போது 23,500 கி.மீ. என்று ஒரு கோழிமுட்டைப் பாதை. மிச்சத் தூரத்துக்குக் கலத்தின் சொந்த எஞ்சின்தான் துணை.

அந்த எஞ்சினைப் பற்றித்தான் நான் உங்களிடம் முக்கியமாகப் பேச வந்தேன்.

அது ரொம்பச் சின்னது. அதன் தள்ளுவிசை 440 நியூட்டன். 45 கிலோ எடையை நீங்கள் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்க எவ்வளவு விசை வேண்டுமோ அவ்வளவுதான். அதற்கு இரண்டு திரவங்கள். ஒன்று எரிபொருள், மோனோமெத்தில் ஹைட்ரசீன். மற்றது ஆக்சிஜனைக் கொண்டுவரும் திரவம், நைட்ரஜன் டெட்ராக்சைடை முக்கியமாகக் கொண்டது. இரண்டும் தனித்தனித் தொட்டியில் இருக்கும் வரை ஒன்றுமில்லை. வால்வு திறந்து இரண்டும் சந்தித்ததும் தாமாகவே பற்றிக்கொள்ளும். உரசத் தேவையில்லை, பொறி தேவையில்லை, தீக்குச்சி தேவையே இல்லை! எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், மறுபடி மூட்டலாம். கோடிக்கணக்கான கி.மீ. தள்ளி, யாரும் கைவைத்துச் சரிசெய்ய முடியாத இடத்தில் வேலை செய்ய வேண்டிய எஞ்சினுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது.

கலம் பூமிக்குக் கிட்டே வரும் நேரம் பார்த்து இந்த எஞ்சினைக் கொஞ்ச நேரம் எரியவிட்டார்கள். கிட்டே வரும்போதுதான் கலம் மிக வேகமாக ஓடும். அந்த இடத்தில் தள்ளினால் பலன் அதிகம். மறுபக்கத்தில் பாதை நீண்டுகொண்டே போகும். நவம்பர் 7, 8, 9 என்று மூன்று நாளும் அடுத்தடுத்துத் தள்ளியதில் எட்டத் தூரம் 71,000 கி.மீ.யைத் தாண்டியது. நான்காவது முறை, நவம்பர் 11 அன்று, ஒரு லட்சத்தைத் தொட வேண்டும். ஆனால் 78,276 கி.மீ.யிலேயே நின்றுபோனது.

என்ன ஆயிற்று? எஞ்சினுக்குத் திரவத்தை அனுப்பும் வால்வைத் திறக்க இரண்டு மின்சுருள்கள் இருந்தன. ஒன்று பழுதானால் மற்றது. எல்லாவற்றையும் சோதித்துவைத்துக்கொள்வோம் என்று அன்றைக்கு இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் கொடுத்தார்கள். திரவம் போவது நின்றுவிட்டது. தனித்தனியே சரியாக வேலை செய்தவை சேர்ந்து வேலை செய்யவில்லை. உடனே கலம் தன் சிறிய துணை எஞ்சின்களைக் கொண்டு தன்னாலே சமாளித்துக்கொண்டது. மறுநாள் விடியற்காலையே இன்னொரு தள்ளு. பாதை 1,18,000 கி.மீ.யைத் தாண்டியது. பூமிக்குப் பக்கத்தில் இருக்கும்போதே இது தெரிந்தது எவ்வளவு நல்லது, யோசித்துப் பாருங்கள். செவ்வாய்க்குப் பக்கத்தில் போய் முதன்முதலாகத் தெரிந்திருந்தால்?

டிசம்பர் 1 நள்ளிரவு தாண்டி, எஞ்சின் 22 நிமிடம் எரிந்தது. கலம் பூமியை விட்டுப் புறப்பட்டது. பிறகு எஞ்சின் உறங்கப் போனது.

ஏறத்தாழ 300 நாள். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும், அப்போது மிகவும் பயந்த பகுதியும் இதுதான். அந்த இரண்டு திரவங்களும் சாதுவானவை அல்ல. குழாய்களையும் வால்வுகளின் அடைப்புகளையும் மெல்ல அரிக்கக்கூடியவை. மாதக்கணக்கில் அவற்றின் ஆவி பட்டுக்கொண்டிருந்த வால்வு, வேண்டிய நேரத்தில் திறக்குமா? அதனால்தான் வடிவமைக்கும்போதே ஒன்று செய்தார்கள். பூமியருகே பயன்படுத்திய குழாய்வழியை மூடிவிட்டு, செவ்வாயருகே பயன்படுத்த இன்னொரு குழாய்வழியைத் தனியாக வைத்தார்கள். அதுவும் கைகொடுக்காவிட்டால் எட்டுச் சிறிய எஞ்சின்களைக் கொண்டு ஓரளவாவது சமாளிக்கத் திட்டம் இருந்தது.

எஞ்சின் மறுபடி எரிந்தே ஆக வேண்டும். ஏன்? கலம் வரும் வேகத்திலேயே விட்டுவிட்டால் செவ்வாயின் ஈர்ப்பால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. பாதை சற்று வளைந்து, கடந்து போய்விடும். பிடிபட வேண்டுமானால் நொடிக்கு 1.1 கி.மீ. அளவுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். விண்வெளியில் பிரேக் போட ஒரே வழி, கலத்தைத் திருப்பி, போகும் திசையை நோக்கி எஞ்சினை எரியவிடுவது.

2014 செப்டம்பர் 22 அன்று ஒத்திகை. நான்கே நான்கு நொடி. எஞ்சின் எரிந்தது!

செப்டம்பர் 24, புதன்கிழமை. அன்று கலத்துக்கும் பூமிக்கும் இடையே சுமார் 22 கோடியே 40 லட்சம் கி.மீ. ரேடியோ அலை நொடிக்கு 3 லட்சம் கி.மீ. ஓடும். வகுத்துப் பாருங்கள், சுமார் 747 நொடி வரும், அதாவது பன்னிரண்டரை நிமிடம். “இங்கே ஏதோ கோளாறு” என்று கலம் சொல்ல பன்னிரண்டரை நிமிடம், “இப்படிச் செய்” என்று நாம் பதில் சொல்ல இன்னொரு பன்னிரண்டரை நிமிடம். மொத்தம் 25 நிமிடம். எஞ்சின் எரிய வேண்டியதோ சுமார் 24 நிமிடம். பதில் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும்! அதனால் செய்ய வேண்டிய அத்தனையையும் பல நாள் முன்னதாகவே கலத்தின் கணினியில் ஏற்றிவிட்டார்கள். அன்று காலை பெங்களூருக் கட்டுப்பாட்டு மையத்தில் இருந்தவர்களால் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க மட்டுமே முடியும்.

காலை 7 மணி 17 நிமிடம் 32 நொடிக்கு எஞ்சின் பற்றியது. அந்தச் செய்தி பூமிக்கு வந்தபோது மணி ஏழரை. அதற்குள் கலம் செவ்வாயின் நிழலுக்குள் நுழைந்து, நம் பார்வைக்கு மறுபக்கத்துக்கும் போயிருந்தது. சூரிய ஒளி கிடையாது, பூமியோடு பேச்சும் கிடையாது. இருட்டில், தன்னந்தனியாக, 1,388 நொடி எரிந்து எஞ்சின் தானே நின்றது. கலம் மறுபக்கத்திலிருந்து வெளியே வந்து செய்தி அனுப்பி, அது இங்கே வந்து சேர்ந்து, 8 மணி அளவில் வெற்றி உறுதியானது. முதல் முயற்சியிலேயே செவ்வாயைச் சுற்றும் பாதையை அடைந்த முதல் நாடு இந்தியா. ஆசியாவிலும் அதுவே முதல்.

மங்கள்யானின் பாதை ரொம்ப நீளமானது. கிட்டத் தூரம் சுமார் 420 கி.மீ., எட்டத் தூரம் சுமார் 77,000 கி.மீ. ஒரு சுற்றுக்கு மூன்று நாள். அதனால் ஒரு நன்மை. வேறு பல கலங்கள் செவ்வாயை மிக அருகில் சுற்றிவந்து பட்டை பட்டையாகப் படம் எடுக்கின்றன. மங்கள்யான் எட்டப் போய் நின்று செவ்வாயை முழு உருண்டையாக, துருவத்துப் பனியும் சுழன்றெழும் தூசிப்புயலும் தெரிய, வண்ணப் படமாக எடுத்தது. டெய்மோஸ் என்ற செவ்வாயின் சின்ன நிலவின் மறுபக்கத்தையும் படம் பிடித்தது.

“சுற்றிச் சுற்றி வந்தால் போதுமா, இறங்க வேண்டாமா?” என்று ஒரு பிள்ளை கேட்பது காதில் விழுகிறது. எங்கே இறங்கலாம் என்று சொல்வதே சுற்றும் கலங்கள்தான். இதற்கு உங்கள் ஊர் மண்ணிலிருந்தே உதாரணம் சொல்கிறேன்.

கோடையில் கரிசல்காடு எப்படி இருக்கும்? பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் அதே மண் ஊறி உப்பி, வெடிப்பெல்லாம் மூடி, காலில் அப்பிக்கொண்டு விடாது. இதற்குக் காரணம் அதில் நிறைய இருக்கும் ஸ்மெக்டைட் என்ற களிமண் வகை. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். தண்ணீர் அந்த அடுக்குகளுக்கு இடையே புகுந்தால் உப்பும், போனால் சுருங்கும். கோவில்பட்டியில் 1901-லிருந்து நடக்கும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணையும் இதில் மழையை மட்டும் நம்பி விளையும் பயிர்களையும்தான் ஆராய்கிறது.

இந்த ஸ்மெக்டைட் செவ்வாயிலும் இருக்கிறது. அது உருவாகத் தண்ணீர் வேண்டும். செவ்வாயிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியில் எந்தெந்த அலைநீளம் குறைகிறது என்று பார்த்தே களிமண் இருக்கும் இடங்களைச் சுற்றும் கலங்கள் கண்டுபிடித்தன. 2003-இல் கிளம்பிய ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸும், 2005-இல் கிளம்பிய அமெரிக்காவின் இன்னொரு கலமும் இப்படிப் பல இடங்களைக் காட்டின. அப்படிக் களிமண் தெரிந்த இடங்களில் ஒன்று கேல் பள்ளம். அங்கேதான் 2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி ஊர்தி இறங்கியது. அடுத்த ஆண்டு ஒரு பாறையில் துளை போட்டுப் பார்த்தால், அதில் ஐந்தில் ஒரு பங்கு ஸ்மெக்டைட் வகைக் களிமண்! ஒரு காலத்தில் ஏரி இருந்த இடம் அது. 2017 ஜனவரியில் வெளியான படத்தில் ஒரு பலகைக்கல் முழுக்க வெடிப்புகள். சேறு காய்ந்து வெடித்து, 300 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். கரிசல்காட்டில் நடந்து பழகிய யாருக்கும் அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

பெர்குளோரேட்டை மறக்கவில்லையே? 2008-இல் செவ்வாயின் வடதுருவப் பக்கம் இறங்கிய பீனிக்ஸ் என்ற கலம் அங்கிருந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்துச் சோதித்தது. மண்ணில் நூற்றுக்கு ஏறத்தாழ அரைப் பங்கு பெர்குளோரேட்! ராக்கெட்டுக்கு ஆக்சிஜன் தரும் அதே வகை உப்பு, உங்கள் தீக்குச்சி மருந்தின் உறவுக்கார உப்பு, அங்கே மண்ணிலேயே கலந்து கிடக்கிறது. மனித உடம்புக்கு அது ஆகாது. கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பியைக் கெடுக்கும். நாளை மனிதர்கள் அங்கே போய்ச் செடி வளர்க்க நினைத்தால் முதலில் இந்த உப்பை நீக்கியாக வேண்டும். நீக்கிய உப்பிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கலாமா என்றும் ஆராய்ச்சி நடக்கிறது.

மங்கள்யானுக்கு ஆறு மாதம் ஆயுள் என்று கணக்கிட்டிருந்தார்கள். எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிட்டதால் சுமார் ஏழரை ஆண்டு சுற்றியது. 2022 ஏப்ரலில் நீண்ட நேரம் செவ்வாயின் நிழலில் சிக்கியபின் அதனோடு தொடர்பு அறுந்தது. மீட்க முடியாது என்று அதே ஆண்டு அக்டோபரில் இஸ்ரோ அறிவித்தது.

உங்கள் தூத்துக்குடி மாவட்டத்திலேயே, குலசேகரன்பட்டினத்தில், இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து செவ்வாய்க்குப் போக மாட்டார்கள். பூமியைச் சுற்றும் சிறிய செயற்கைக்கோள்களுக்கான சிறிய ராக்கெட்டுகளுக்காகத்தான் அந்தத் தளம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கைமேல் பறக்காமல் வளைத்துப் போக வேண்டும், அதில் எரிபொருள் வீணாகும். குலசேகரன்பட்டினத்திலிருந்து நேரே தெற்கே கடல்தான்.

செவ்வாயைப் பார்க்க ராக்கெட் வேண்டாம். 2027 பிப்ரவரி 19 வாக்கில் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் செவ்வாய் வந்து நிற்கும். சூரியன் மறைந்து இருட்டியதும் கிழக்கே பாருங்கள். பிரகாசமாக இரண்டு தெரியும். சற்று மேலே, கூடுதல் வெளிச்சமாக, வெண்மையாக இருப்பது வியாழன். அதற்குக் கீழே சிவந்து தெரிவது செவ்வாய். அதன் பக்கத்திலேயே மக நட்சத்திரம் இருக்கும். வீட்டுப் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு, தெருவிளக்கு வெளிச்சம் இல்லாத பக்கம் போய், பத்து நாளைக்கு ஒருமுறை நோட்டில் மகத்தையும் செவ்வாயையும் புள்ளி வைத்து வரையுங்கள். மற்ற நாட்களில் நட்சத்திரங்களுக்கு நடுவே மேற்கிலிருந்து கிழக்கே நகரும் செவ்வாய், அந்த மாதங்களில் கிழக்கிலிருந்து மேற்கே பின்னோக்கி நகர்வது உங்கள் படத்திலேயே தெரியும். ஏன் அப்படி என்று நீங்கள் நினைக்கும் காரணத்தையும் எழுதி, படத்தோடு எங்களுக்கு அனுப்புங்கள்.